வேரை உண்ணும் புழுக்கள்: பேயந்தும் நம் மண்ணின் வெண்புழுவும்



நேற்று மாலை செழிப்பாக நின்ற கத்தரிக் கன்று இன்று காலை தலை சாய்ந்து கிடக்கின்றது. இலையில் துளையில்லை, தண்டில் காயமில்லை. நீர் போதவில்லை என்று எண்ணி ஒருவர் மேலும் நீர் ஊற்றுகின்றார். பசளை குறைந்தது என்று கருதி மற்றொருவர் யூரியாவை இடுகின்றார். வேறொருவர் கடைக்குச் சென்று, கடைக்காரர் கொடுத்த மருந்தைக் கரைத்து வேரடியில் ஊற்றுகின்றார். மூவரும் செய்யாது விட்ட காரியம் ஒன்று உண்டு. அக்கன்றின் அடியை மண்வெட்டியால் தோண்டிப் பார்த்தாரில்லை.

இலையை உண்ணும் புழு நம் கண்ணுக்கு முன்னே உண்கின்றது. வேரை உண்ணும் புழுவோ மண்ணுக்குள் மறைந்திருந்து உண்கின்றது. பயிர் வாடிய பின்னரே அதன் செயல் நமக்குத் தெரிய வருகின்றது. ஆதலால், வேரை உண்ணும் புழுக்கள் எவை, அவற்றை எவ்வாறு இனங்காண்பது, எக்காலத்தில் எம்முறையால் அடக்குவது என்பனவற்றை இத்துண்டுப் பிரசுரத்தில் விளக்குவோம்.

பேயந்து என்பது யாது?

வேரை உண்ணும் புழுக்களுள் உலகிற் பெயர் பெற்ற ஒரு குடும்பம் பேயந்துக் குடும்பமாகும். விஞ்ஞானிகள் இதனை ஹெப்பியாலிடே என வழங்குவர். ஐரோப்பாவிற் காணப்படும் பேயந்தின் ஆண், வெண்ணிறச் சிறகுடையது. பொழுது சாயும் வேளையில் ஆண் அந்துகள் பல ஒன்றுகூடிப் புல்வெளிக்கு மேலே ஊஞ்சலாடுவதுபோல் அங்குமிங்கும் அசைந்து நிற்கும். இவ்வாறு தம்மிடம் பெண் அந்துகளை அழைக்கும். மங்கிய ஒளியில் இக்காட்சியைக் கண்ட மக்கள் இதற்குப் பேயின் பெயரை இட்டனர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டிலேயே இவ்வந்துக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார்.

வளர்ந்த பேயந்து எதனையும் உண்பதில்லை. உண்பதற்கு ஏற்ற வாயுறுப்பு அதற்கில்லை. உணவு உண்ணும் தொழில் முழுவதும் அதன் புழுப்பருவத்திலேயே நிகழ்கின்றது. ஐரோப்பியப் பேயந்தின் புழு மண்ணுக்குள் இரண்டு மூன்று ஆண்டுகள் வரை தங்கிப் புல்லின் வேரையும் பிற செடிகளின் வேரையும் தின்று வளரும். அந்தாகப் பறக்கும் காலமோ சில நாட்களே. பேயென்று பெயர் பெற்றது பறக்கும் அந்து. கேட்டைச் செய்வது மண்ணில் ஒளிந்திருக்கும் புழு.

பெண் பேயந்து தன் முட்டைகளை ஓரிடத்தில் ஒட்டி வைப்பதில்லை. பெரும்பாலும் பறந்துகொண்டே தரையில் தூவிவிடும். அவுஸ்திரேலியாவில் இக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண் அந்து 29,100 முட்டைகளை இட்டதாகவும், அதன் வயிற்றில் மேலும் ஏறத்தாழ 15,000 முட்டைகள் எஞ்சியிருந்ததாகவும் பதிவு உண்டு. தூவிய முட்டைகளில் மிகப் பல அழிந்துபோகும் என்பதனாலேயே இத்தனை முட்டைகள் வேண்டியுள்ளன.

இக்குடும்பத்தின் உறவினங்கள் நம் பகுதிக்கு அந்நியமானவையல்ல. பல்பிபர் என்னும் சிறு பேயந்து இனம் தெற்கு, கிழக்கு ஆசியாவில் வாழ்வது. அதன் வகையொன்று இலங்கையின் பழம் பெயராகிய தப்ரபேனையே தன் பெயரிற் கொண்டுள்ளது. இவ்வினத்துட் சிலவற்றின் புழுக்கள் வள்ளிக்கிழங்கு வகைகளை உண்பன. ஆகவே இராசவள்ளி போன்ற கிழங்குகளை அகழும்போது, துளைபட்ட கிழங்கைப் பிளந்து உள்ளிருக்கும் புழுவைப் பார்த்துக்கொள்வது நன்று. தென்னிந்தியாவில் இக்குடும்பத்தின் வேறொரு வகை, இளந்தேக்கு மரங்களின் தண்டைத் துளைத்து, துளையின் வாயை மரத்தூளும் பட்டு நூலும் கலந்த போர்வையால் மூடி உள்ளே வாழ்கின்றது.

எனினும், சீனன்குடாவைச் சூழ்ந்த தோட்டங்களிலும் மேட்டுநிலங்களிலும் கன்றின் வேர் அறுபட்டால், முதலில் ஐயுற வேண்டியது பேயந்தை அன்று. குளிர்நாட்டுப் புல்வெளியில் பேயந்தின் புழு செய்யும் தொழிலை நம் வெப்பநாட்டு மண்ணில் வண்டின் புழுவாகிய வெண்புழுவும், வேறோர் அந்தின் புழுவாகிய வெட்டுப்புழுவும் செய்கின்றன.

தோண்டிப் பார்க்கும் முறை

வாடிய கன்றைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் வேர் மண்ணிலே அறுந்து நின்றுவிடும். புழுவும் ஆழத்தில் தங்கிவிடும். கன்றைச் சுற்றி ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம் அளந்து, மண்ணை ஒரு சாக்கின்மீது எடுத்துக் கொட்டுங்கள். கட்டிகளைக் கையால் உடைத்துப் பாருங்கள். முழுதும் வாடிய கன்றின் அடியில் புழு இல்லாதிருக்கக் கூடும். உணவு தீர்ந்தபின் அது அடுத்த கன்றுக்குச் சென்றிருக்கும். ஆதலால் வாடத் தொடங்கிய கன்றையும், அதற்கு அயலில் நிற்கும் நல்ல கன்றையும் சேர்த்தே பாருங்கள். தோட்டத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் இவ்வாறு தோண்டி, அகப்பட்ட புழுக்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

அகப்பட்ட புழுவின் காலைப் பார்த்தால் அதன் குலம் தெரியும்.

1. மார்புப் பகுதியில் மூன்று சோடிக் கால்கள் இருக்கும். வயிற்றுப் பகுதியிற் கால் இராது. உடல் வெண்மையாகவும் பருத்தும் அரிவாள்போல் வளைந்தும் இருக்கும். தலை கபில நிறமானது. இது வண்டின் புழு. வெண்புழு இவ்வகையைச் சேர்ந்தது.

2. மார்பில் மூன்று சோடிக் கால்களோடு, வயிற்றின் கீழே சதைப்பற்றான பொய்க்கால்களும் இருக்கும். இது அந்தின் புழு. வெட்டுப்புழுவும் பேயந்தின் புழுவும் இவ்வகையின.

3. கால் சிறிதும் இல்லை. இது கூன்வண்டு அல்லது ஈயின் புழு. வற்றாளைக் கிழங்கைத் துளைத்துக் கசக்கச் செய்யும் கூன்வண்டின் புழு இதற்கு உதாரணம்.

கபில நிறமான, அசைவு குறைந்த கூட்டுப்புழுக்களும் மண்ணில் அகப்படலாம். அவை எதனையும் உண்பதில்லை. 2018ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்டு, சேனாப் புழு எனப் பெயர் பெற்ற படைப்புழு, சோளத்தின் இலையையும் குருத்தையும் உண்டபின் கூட்டுப்புழுவாவதற்கே மண்ணுள் இறங்குகின்றது. சோளத்தின் அடியிற் கூட்டுப்புழுவைக் கண்டால் அதனை வேருண்ணி எனக் கருதவேண்டாம், குருத்தைச் சோதியுங்கள்.

வெண்புழுவின் வாழ்க்கை

வெண்புழுவின் தாய் கபில நிற வண்டு. வறண்ட காலத்தில் மண்ணுள் அடங்கியிருக்கும் இவ்வண்டுகள், நல்ல மழை பெய்து மண் நனைந்ததும் பொழுதுபடும் வேளையில் கூட்டமாக வெளிவரும். வேம்பு, முருங்கை முதலிய மரங்களில் ஏறி இரவில் இலையை உண்டு, இணைகூடி, விடியுமுன் மண்ணுக்குள் மீளும். பெண்வண்டு சில அங்குல ஆழத்தில் முட்டையிடும். பத்து நாள் அளவில் முட்டை பொரித்து வரும் சிறு புழு முதலில் உக்கிய பொருளையும் மெல்லிய வேர்களையும் உண்ணும். வளர வளர ஆணிவேரையே அறுக்கும். ஆதலால் மழை தொடங்கியபோது நட்ட கன்று, ஒன்றிரண்டு மாதம் சென்று பூக்கும் தறுவாயில் வீழ்கின்றது. அதுவரை இட்ட பசளையும் இறைத்த நீரும் செலவிட்ட கூலியும் கன்றோடு போகின்றன. கச்சான், மிளகாய், கத்தரி, சோளம், கரும்பு ஆகியன இதற்கு விருப்பமான பயிர்கள்.

பேயந்து ஆயிரக்கணக்கில் முட்டையைத் தூவுகின்றது. வண்டோ சில பத்து முட்டைகளையே இட்டாலும், அவற்றை ஈரமண்ணுள் பத்திரமாகப் புதைத்து வைக்கின்றது. ஆகவே முட்டையிடுமுன் பிடிபடும் ஒவ்வொரு பெண்வண்டும் பல பத்துப் புழுக்களைக் குறைத்ததற்குச் சமம். பின்னர் மண்ணைக் கிளறிப் புழுவைத் தேடுவதிலும், மழை பெய்த அந்தச் சில இரவுகளில் வண்டைப் பிடிப்பது எளிது. மரத்தின் கீழே படங்கை விரித்துக் கிளைகளை உலுக்கி, விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த நீரில் இடுங்கள். ஒருவர் தோட்டத்தில் மட்டும் செய்தால் அயல் தோட்டத்து வண்டு வந்து சேரும். ஊரார் ஒன்றுகூடி மூன்று நான்கு இரவுகள் செய்தால் பயன் பெரிது.

எருக்குழியிற் காணும் பெரும் புழு

எருக்குழியையோ உக்கிய தென்னங் குற்றியையோ கிளறும்போது விரல் பருமனான வெண்ணிறப் புழுக்கள் அகப்படும். இவற்றைக் கண்டு அஞ்சி எரு இடுவதையே கைவிடுவோர் உளர். இவை பெரும்பாலும் தென்னையைத் தாக்கும் கருவண்டின் புழுக்களாகும். இப்புழு உக்கும் பொருளை உண்பதேயன்றி உயிருள்ள வேரை நாடுவதன்று. இதன் கேடு வேறு வகையானது: வளர்ந்து வண்டானதும் தென்னையின் குருத்தைத் துளைக்கும். ஆகவே எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிகளுக்கு இடுங்கள். எருவை நன்கு உக்கவைத்த பின்னரே தோட்டத்தில் இடுங்கள். உக்காத பச்சைச் சாணம் வண்டுகள் முட்டையிடத் தேடும் இடமாகும்.

வெட்டுப்புழு

காலையில் நாற்று நிலமட்டத்தில் அரிவாளால் அரிந்ததுபோல் வெட்டுண்டு கிடந்தால், வேரைத் தோண்டுமுன் மேல்மண்ணைக் கிளறுங்கள். ஓரிரண்டு அங்குல ஆழத்தில் சாம்பல் கலந்த கருநிறப் புழுவொன்று சுருண்டு கிடக்கும். இது வெட்டுப்புழு. பகலில் ஒளிந்து இரவில் வெளிவந்து வெட்டும். நியூசிலாந்தின் புல்வெளிகளில் ஒரு வகைப் பேயந்தின் புழுவும் இவ்வாறே பகலில் வளையுள் தங்கி, இரவில் வெளிவந்து புல்லை மேய்கின்றது.

வெட்டுப்புழுவின் தாயந்து களை மண்டிய நிலத்தில் முட்டையிடும். ஆதலால் நடுகைக்கு இரண்டு கிழமைகளுக்கு முன்னரே களையை அகற்றி நிலத்தை வெறுமையாக விடுங்கள். உண்ண ஒன்றுமில்லாத புழு மடியும். சிறு தோட்டமாயின் வாழைமட்டையைத் துண்டாக நறுக்கி, ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் வளையம்போல் வைத்து, ஓர் அங்குலம் மண்ணுள் அழுத்திவிடுங்கள். செலவில்லாத இக்காப்பு, தண்டு முற்றும்வரை போதுமானது. வெட்டுண்ட நாற்றின் அடியில் அன்று காலையே புழுவைத் தேடிப் பிடியுங்கள். விட்டுவிட்டால் அடுத்த இரவில் அயல் நாற்றை வெட்டும்.

நெல்வயலில்

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்கள் போன்று, சேறடித்து நீர் தேக்கிய வயலில் வெண்புழு வாழ இயலாது. நீர் நிறைந்த மண்ணில் அதற்கு மூச்சுவிடக் காற்றில்லை. கேடு வருவது மானாவாரி நிலத்தில் புழுதி விதைப்புச் செய்யும்போதே. விதை முளைத்து, மழைநீர் வயலில் தங்குமுன் உள்ள இடைக்காலத்தில் நாற்றுகள் திட்டுத் திட்டாக மஞ்சளித்துச் சாகும். இதற்கு நீரே மருந்து. விதைக்குமுன் வரம்புகளைச் செப்பனிட்டு, நண்டுவளைகளை அடைத்து, பெய்யும் முதற் கனமழையே வயலில் தங்குமாறு செய்யுங்கள். வரம்போரம் வேர் அறுபட்டிருந்தால் பிள்ளைப்பூச்சியையும் ஐயுறுங்கள். அதுவும் வேரை அறுப்பதே; எனினும் மண் தோண்டும் அகன்ற முன்னங்கால்களைக் கொண்டு அதனை எளிதில் அறியலாம்.

புழு அகப்படாதபோது

ஐந்து இடங்களில் தோண்டியும் புழு அகப்படவில்லையாயின், வாடலுக்குக் காரணம் வேறு. வேரைக் கழுவிப் பாருங்கள். மணி கோத்ததுபோல் முடிச்சுகள் இருந்தால் அது கண்ணுக்குப் புலப்படாத வட்டப்புழுவின் வேலை. வேர் நன்றாக இருந்து கத்தரியோ தக்காளியோ பச்சையாகவே வாடினால், தண்டின் அடிப்பாகத்தை நறுக்கித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால்போன்ற இழை வழிந்தால் அது பற்றீரிய வாடல். இவ்விரண்டுக்கும் பூச்சிமருந்தால் ஒரு பயனும் இல்லை. நோயுற்ற கன்றை வேரோடு அகற்றி எரித்து, அந்நிலத்தில் அடுத்த போகத்துக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய்க் குடும்பம் அல்லாத பயிரை இடுவதே வழி.

மருந்தும் கிணறும்

வேரடியில் ஊற்றும் மருந்து எங்கே செல்கின்றது என்பதைச் சிந்தியுங்கள். நம் கரையோரத் தோட்டங்கள் மணற்பாங்கானவை. மணல் நீரைத் தேக்கிவைப்பதில்லை. இறைத்த நீர் கரைந்த மருந்தையும் ஏந்திக்கொண்டு கீழிறங்கும். கீழே ஆழமற்ற நிலத்தடி நீர் உண்டு. தோட்டத்துக்கு இறைப்பதும் வீட்டுக்கு மொள்வதும் அந்நீரையே. வேருக்கென ஊற்றியது பிள்ளைகளின் குடத்துக்கு வந்து சேரலாம்.

1950களிலும் 1960களிலும் உலகின் பல நாடுகளில் மண்புழுதியோடு அல்திரின், தீல்திரின் என்னும் மருந்துகளைக் கலந்து வேருண்ணிகளையும் கறையானையும் அழித்தனர். அவை மண்ணில் ஆண்டுக்கணக்கிற் சிதையாது நின்று, உணவின் வழியாக உடற் கொழுப்பிற் சேர்ந்தன. 2001ஆம் ஆண்டில் நிறைவேறிய ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை இவற்றை ஒழிக்கவேண்டிய நஞ்சுகளின் பட்டியலிற் சேர்த்தது. அன்று விரைவான பயனைக் கண்டு மகிழ்ந்தவருட் பலர் மண்ணுக்கும் நீருக்கும் நேரப் போவதை அறிந்தாரில்லை.

ஆகவே புழுவைக் கண்ணாற் கண்டு, எண்ணிப் பார்த்து, பிற முறைகள் போதாதென்று தெரிந்த பின்னரே மருந்தை எண்ணுங்கள். அப்போதும் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டதும், அப்பயிருக்கும் அப்பூச்சிக்கும் விதந்துரைக்கப்பட்டதுமான மருந்தையே, விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு, சிட்டையிற் கண்ட அளவில் இடுங்கள். பெயர்ச் சிட்டை இல்லாத போத்தலை வாங்காதீர்கள்.

புழுவைக் கொல்லும் பூஞ்சணம்

இமயமலையிலும் திபெத்து மேட்டுநிலத்திலும் 3,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் ஒரு வகைப் பேயந்தின் புழு மண்ணுள் வாழ்கின்றது. அதனை ஒரு பூஞ்சணம் தாக்கிக் கொன்று, அதன் தலையிலிருந்து குச்சிபோல் முளைத்து நிலத்துக்கு மேல் தோன்றும். நேபாளம், பூட்டான், இந்தியாவின் உத்தரகாண்டம் ஆகிய இடங்களில் மக்கள் இதனைத் தேடி எடுத்து மருந்துச் சரக்காகப் பெருவிலைக்கு விற்கின்றனர். வேருண்ணும் புழுவுக்கும் மண்ணிலேயே பகைவன் உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

நம் மண்ணுக்கு ஏற்ற பகைவன் மெற்றாரைசியம் என்னும் பூஞ்சணம். 1879ஆம் ஆண்டில் ஒடெசா நகரில் மெச்னிக்கொவ் என்னும் அறிஞர், கோதுமையைக் கெடுத்த வண்டின் புழுக்களில் இதனைக் கண்டு ஆராய்ந்தார். இதனால் இறந்த புழு முதலில் விறைத்து, பின் பச்சைப் பூசணத்தாற் போர்த்தப்படும். அத்தகைய புழுவை மண்ணிற் கண்டால் எடுத்தெறியாதீர்கள், அங்கேயே புதைத்துவிடுங்கள். அதன் வித்துகள் மற்றப் புழுக்களுக்கும் பரவும். இப்பூஞ்சணத்துக்கு ஈரமும் நிழலும் வேண்டும், வெயிலில் மடியும். தயாரித்து விற்கப்படும் மெற்றாரைசியத்தை இடுவதாயின், உக்கிய எருவோடு கலந்து மாலையில், ஈரமண்ணில் இட்டு மூடுங்கள். பூஞ்சணக் கொல்லி மருந்தோடு சேர்த்து இடலாகாது.

காலவாரியாகச் செய்யவேண்டியவை

வறண்ட காலத்தில்: பயிர் எடுத்தபின் நிலத்தை ஆழ உழுது ஓரிரு கிழமை வெயிலில் காயவிடுங்கள். உழவு சாலின் பின்னே வரும் கொக்கையும் மைனாவையும் காகத்தையும் விரட்டாதீர்கள். அவை கூலியில்லாத வேலையாட்கள். ஆகவே உழவைப் பகலிற் செய்வதே நன்று.

மழைக்கு முன்னர்: எருவை உக்கவைத்து முடியுங்கள். களையை அகற்றுங்கள். வரம்பைத் திருத்துங்கள்.

ஐப்பசி மழை தொடங்கியதும்: பொழுதுபட்ட பின் வேம்பையும் முருங்கையையும் விளக்கொளியிற் பாருங்கள். வண்டு கண்டால் அயலாரையும் அழைத்துப் பிடியுங்கள்.

நட்டபின்: கிழமைக்கு இரு முறை காலையில் தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். சாய்ந்த முதற் கன்றை அன்றே தோண்டுங்கள். முதற் கன்றின் அடியில் அகப்படும் ஒரு புழு, அடுத்து வீழவிருந்த பல கன்றுகளைக் காத்துத் தரும்.

அறுவடைக்குப் பின்: புழு மிகுந்த நிலத்திற் கச்சானின் பின் கச்சானையே இடாதீர்கள். நீர் வசதியுள்ள இடமாயின் ஒரு போகம் சேற்று நெல் செய்தால் வெண்புழு பெரிதும் குறையும்.

மீட்டுப் பார்க்க

இத்துண்டுப் பிரசுரத்தை வாசித்தபின் கீழ்வரும் வினாக்களுக்கு விடை சொல்லிப் பாருங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளையும் கேளுங்கள்.

1. வண்டின் புழுவையும் அந்தின் புழுவையும் எதனைக் கொண்டு வேறுபடுத்துவீர்?
2. எருக்குழியிற் காணும் பெரும் புழு கத்தரியின் வேரைத் தின்னுமா?
3. சேற்று வயலில் வெண்புழு வாழாதது ஏன்?
4. மணல் நிலத்தில் வேரடியில் ஊற்றும் மருந்து எங்கே சென்று சேரும்?

விடை தெரியாத புழு தோட்டத்தில் அகப்பட்டால், சிறிது மண்ணோடு மூடியுள்ள போத்தலில் இட்டு, அது அகப்பட்ட பயிரையும் ஆழத்தையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். கடைக்குச் செல்லுமுன் மண்வெட்டியை எடுங்கள்.